தகுதி முன்னா, தொழில் முன்னா?

மனவளர்ச்சி குன்றிய குழந்தைக்கும் கல்வி உண்டு என்பதை ஒப்புக்கொள்ள மேலைநாட்டு அரசாங்கங்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அந்தக் குழந்தை என்றைக்கும் குழந்தையாகவே இருந்துவிடுவதில்லை. ஒருநாள் மீசை அரும்பிய வாலிபனாகவோ, தாயின் உயரத்துக்கு வளர்ந்த பெண்ணாகவோ ஆகிவிடும். அப்போது காலையில் எழுந்து புறப்பட்டுப் போவதற்கு ஓர் இடமும், மாதம் பிறந்தால் கையில் வாங்குவதற்கு ஒரு சம்பளமும், ஒருநாள் வராமற் போனால் ஏன் வரவில்லை என்று விசாரிக்க நாலு பேரும் அதற்கு வேண்டும் என்னும் அடுத்த உண்மையை ஒப்புக்கொள்வதற்கோ அதைவிட அதிகக் காலம் பிடித்தது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஊனமுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் 21 வயது வரையில் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டது. ஆனால் அந்த வயது கடந்த மறுநாள் காலையில் பிள்ளை எங்கே போவது என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் விடை இல்லை. பெற்றோருக்கு மெய்யான கவலை தொடங்கிய நாளும் அதுதான்.

அந்த விடையைத் தேடிய சரித்திரம் பாரிஸ் நகரத்தில் தொடங்கி, பாஸ்டன், இல்லினாய், வர்ஜினியா, சின்சினாட்டி என்று பல ஊர்களின் வழியாகச் செல்கிறது. அதில் தயாளமும் உண்டு, அறியாமையும் உண்டு, சில இடங்களில் கொடுமையும் உண்டு. எனினும் தொடக்கம் முதல் இன்றுவரை ஒரே ஒரு விவாதம் அதன் உள்ளே ஓடிக்கொண்டிருப்பதைக் கூர்ந்து படிப்பவர் காணலாம். மனிதனை முதலில் தகுதியுள்ளவனாக்கிப் பிறகு அவனுக்குத் தொழில் கொடுப்பதா, அல்லது தொழிலை முதலில் கொடுத்து அதன் மூலமாகவே அவனைத் தகுதியுள்ளவனாக்குவதா என்பதே அந்த விவாதம்.

பிரெஞ்சு தேசத்தில் 1812-இல் பிறந்த எதுவார் செகேன் என்பவர், ‘மூடர்கள்’ என்று அக்காலத்து வைத்திய நூல்கள் முத்திரையிட்டு ஒதுக்கிவைத்த குழந்தைகளை, கையாலும் கண்ணாலும் காதாலும் படிப்படியாகப் பழக்கினால் அவர்கள் கற்றுக்கொள்ளக் கூடியவர்களே என்று 1840-களில் பாரிஸின் பிசேத்ர் ஆஸ்பத்திரியில் நிரூபித்துக் காட்டினார். அந்தக் கீர்த்தி அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, பாஸ்டன் நகரத்தில் பார்வையற்றோருக்கான பர்க்கின்ஸ் பள்ளியை நடத்திவந்த டாக்டர் சாமுவேல் கிரிட்லி ஹோவின் செவிக்கு எட்டியது. மாசசூசெட்ஸ் சட்டசபை ஆண்டுக்கு 2,500 டாலர் வீதம் மூன்றாண்டுகளுக்கு வழங்கிய தொகையைக் கொண்டு, 1848-இல் ஹோ ஒரு பரிசோதனைப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகள் குழந்தைகளைப் பயிற்றுவித்துத் தத்தம் குடும்பத்துக்கும் கிராமத்துக்கும் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பதே அவருடைய சங்கற்பம். அவர்களைத் தம்மிடமே வைத்துக்கொள்வதற்கு அவர் பள்ளி நடத்தவில்லை.

ஆனால் அதே ஹோ, பார்வையற்ற மாணவர்கள் விஷயத்தில் ஒரு கசப்பான அனுபவத்தைக் கண்டிருந்தார். பர்க்கின்ஸ் பள்ளியில் பாய் முடையவும், மெத்தை தைக்கவும், துடைப்பம் கட்டவும் நன்றாகக் கற்றுத் தேர்ந்து வெளியேறிய வாலிபர்கள், ஊரில் தங்களுக்கு வேலை கொடுப்பார் இல்லாமல் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய கைத்திறனில் குறை இல்லை. கண்ணில்லாதவன் செய்த பொருள் என்ற சந்தேகமே வாங்குவோரையும் முதலாளிகளையும் விலக்கி நிறுத்தியது. ஆகவே 1840-ஐ ஒட்டி, வயது வந்தவர்களுக்கென்று பள்ளியோடு சார்ந்த ஒரு தொழிற்கூடத்தை அவர் ஏற்படுத்தினார். வெளியுலகத்தின் போட்டியிலிருந்து காப்பாற்றி, உள்ளேயே தொழில் கொடுக்கும் இந்தக் காப்புத் தொழிற்கூடம் என்னும் ஏற்பாடு, அமெரிக்காவில் அவ்வாறு பிறந்தது. உலகம் அவர்களை ஏற்க மறுத்த காரணத்தால் கட்டப்பட்ட அந்தக் கூடமே பிற்காலத்தில், அவர்கள் உலகத்துக்கு ஏற்றவர்கள் அல்லர் என்பதற்குச் சாட்சியாகக் காட்டப்பட்டது. சரித்திரத்தில் காரணமும் காரியமும் இப்படித் தலைகீழாக மாறிவிடுவது அபூர்வமன்று.

ஹோ அந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்திருந்தார். 1866-இல் நியூயார்க் மாநிலத்தின் பட்டேவியா நகரில், பார்வையற்றோர் நிலையம் ஒன்றுக்கு அஸ்திவாரம் இடும் வைபவத்தில் பேச வந்தவர், கூடியிருந்தோரைப் புகழ்ந்துவிட்டுப் போகாமல், ஒரேவிதக் குறையுள்ளவர்களைத் திரட்டி ஒரே கூரையின் கீழ் வைப்பது அவர்களுடைய குறையைப் பெருக்குவதாகும் என்றும், ஊனமுற்றவன் ஊனமில்லாதவர்களின் சகவாசத்தில் வாழ வேண்டியவன் என்றும் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை அந்த நூற்றாண்டு பொருட்படுத்தவில்லை. பள்ளிகள் விடுதிகளாயின, விடுதிகள் ஆயிரக்கணக்கானோர் அடைபட்ட ஸ்தாபனங்களாயின. பரம்பரைத் தோஷம் பற்றிய பீதி எழுந்த பிறகு, மனவளர்ச்சி குன்றியோரைச் சமூகத்திலிருந்து பிரித்து வைப்பதே தேசத்துக்கு நன்மை என்று படித்தவர்களே பிரசாரம் செய்தார்கள்; அவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதையும் 1927-இல் அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் செல்லுபடியாக்கியது. 1967-இல் மாநில ஸ்தாபனங்களில் இருந்த மனவளர்ச்சி குன்றியோரின் தொகை ஏறத்தாழ 1,95,000.

இங்கேதான் இச்சரித்திரத்தின் மிகப்பெரிய முரண்பாடு இருக்கிறது. வெளியே எந்த வேலைக்கும் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்பளிக்கப்பட்டு உள்ளே அடைக்கப்பட்ட அதே மனிதர்கள்தாம், அந்த ஸ்தாபனங்களின் வயலை உழுதார்கள், மாட்டைக் கறந்தார்கள், சலவை செய்தார்கள், சமையலறையில் பாத்திரம் துலக்கினார்கள், தங்களைவிட இயலாதவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டினார்கள்; கூலி என்பது அவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. அவர்களுடைய உழைப்பு இல்லாவிட்டால் அந்த ஸ்தாபனங்கள் ஒருநாளும் நடந்திரா. 1973-இல்தான், அவ்வாறு உழைப்பவர்களும் கூலிச் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாளரே என்று வாஷிங்டனில் ஒரு நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1919-இல், மாசசூசெட்ஸின் வேவர்லி ஸ்தாபனத்துத் தலைவரும், பிரித்து வைத்தலை ஒரு காலத்தில் உரத்த குரலில் ஆதரித்தவருமான வால்ட்டர் ஃபெர்னால்ட், தம்மிடமிருந்து இருபத்தைந்து ஆண்டுக் காலத்தில் வெளியேறியவர்களின் பிற்கால வாழ்க்கையை ஆராய்ந்து வெளியிட்டார். அவர்களில் பலர் ஊரில் ஒழுங்காக உழைத்து, யாருக்கும் தொல்லை தராமல் ஜீவித்து வந்ததைக் கண்டு அவரே வியந்தார்; தம் பழைய அபிப்பிராயத்தையும் மாற்றிக்கொண்டார். ஆனால் சாட்சியம் கிடைத்த வேகத்தில் ஸ்தாபனங்கள் மாறுவதில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர், மாறுதலைக் கொண்டுவந்தவர்கள் பெற்றோர்களே. குழந்தையை ஸ்தாபனத்துக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுங்கள் என்று டாக்டர்கள் சொன்ன புத்திமதியை ஏற்க மறுத்து வீட்டிலேயே வளர்த்தவர்கள், 1950-இல் மினியாபொலிஸ் நகரில் கூடித் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைத்தார்கள். பள்ளியில் இடமில்லாத பிள்ளைகளுக்காகத் தேவாலயங்களின் நிலவறைகளில் வகுப்புகள் நடத்தினார்கள். அப்பிள்ளைகள் வளர்ந்தபோது, நூற்றாண்டுக்கு முன்பு ஹோ கண்ட அதே உபாயத்தைக் கையாண்டு, காப்புத் தொழிற்கூடங்களைத் திறந்தார்கள். ஆலைகளிலிருந்து சில்லறை ஒப்பந்தங்கள் வாங்கி வந்து, திருகாணிகளை எண்ணிப் பையிலிடுவதும், உறைகளில் தாள் செருகுவதும், பிளாஸ்டிக் கரண்டிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டுவதும் அங்கே நடந்தன. ஊனமுற்றோருக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுக்கலாம் என்ற விலக்கு, மணிக்கு 25 சென்ட் என்று அமெரிக்கா முதன்முதலாகக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த 1938-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. தொழிற்கூடங்கள் அந்த விலக்கின்மேல் நின்றன. அந்தப் பெற்றோரைக் குறைகூற நமக்கு நா எழாது. இருட்டறைக்கும் வீட்டுத் திண்ணைக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றை அவர்கள் தம் கைக்காசில் உண்டாக்கினார்கள்.

ஆனால் அந்த வழி எங்கும் போய்ச் சேரவில்லை. தொழிற்கூடம் என்பது ஓர் ஏணியின் படி என்றே அனைவரும் கருதினர். முதலில் பகல்நேரப் பராமரிப்பு நிலையம், அடுத்து எளிய வேலைப் பழக்கம், அதற்கு மேல் காப்புத் தொழிற்கூடம், கடைசியில் வெளியுலக உத்தியோகம் என்று படிகள் வகுக்கப்பட்டன; ஒவ்வொரு படியிலும், அடுத்த படிக்கு இவன் ஆயத்தமாகிவிட்டானா என்று சோதித்தார்கள். உட்கார்ந்த இடத்தில் உட்காருகிறானா, நேரம் பார்க்கத் தெரியுமா, தலை சீவியிருக்கிறானா என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. வெளியே சம்பளம் வாங்கும் எத்தனையோ பேர் இவற்றில் தேறமாட்டார்கள் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் பெல்லாமியும் அவருடைய தோழர்களும் 1980-களில் இந்த ஏணியைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஆண்டுதோறும் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்ற விகிதத்தை வைத்துப் பார்த்தால், பள்ளியை முடித்துக் கீழ்ப்படியில் கால்வைத்த வாலிபன், மற்றவர்கள் ஓய்வுபெறும் வயதையும் தாண்டிய பிறகே முதல் உத்தியோகத்துக்குப் போவான் என்று தெரிந்தது. நீச்சல் நன்றாகத் தெரிந்த பிறகே குளத்தில் இறங்கலாம் என்று சொல்லி ஒருவனைக் கரையிலேயே முதியவனாக்கிவிட்ட கதையாக அது முடிந்தது.

இந்த முடிச்சை முதலில் அவிழ்த்தவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் கோல்ட். அவர் தொழிற்கூடங்களுக்குச் சென்று, நடுத்தரமான அல்லது கடுமையான மனவளர்ச்சிக் குறைவு உள்ளவர்கள் என்று பட்டியலிடப்பட்டவர்களிடம், 15 உறுப்புகள் கொண்ட ஒரு சைக்கிள் பிரேக்கைக் கழற்றிக் கொடுத்துப் பூட்டக் கற்பித்தார். வேலையை மிக நுண்ணிய அசைவுகளாகப் பகுத்தார். எந்த உறுப்பின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டுமோ அந்தப் பக்கத்துக்குச் சிவப்பு வர்ணம் பூசினார். நீண்ட பேச்சைக் குறைத்தார். ஒருவன் தடுமாறினால் அவனைக் குற்றம் சொல்லாமல், வேறு வகையில் முயலும்படி மட்டும் சொன்னார். அவர்கள் கற்றார்கள், அதோடு நில்லாமல் 24 உறுப்புகள் கொண்ட வேறொரு பிரேக்கையும் பூட்டினார்கள், ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் கற்றதை மறந்துவிடவில்லை. 1972-இல் வெளியான இந்த ஆராய்ச்சியின் பெருமை பிரேக்கைப் பற்றியதன்று. அதுவரை எல்லோரும் மனிதனை அளந்துகொண்டிருந்தார்கள். கோல்ட் வேலையை அளந்தார். கற்றுக்கொள்ளவில்லையென்றால் குறை கற்பித்தவனுடைய முறையில் இருக்கிறது என்ற பொறுப்பை அவர் ஆசிரியன் தலைமேல் ஏற்றிவைத்தார். 1982-இல் இளம் பிராயத்திலேயே அவர் காலமாகிவிட்டார்.

வேலையைப் பகுத்துக் கற்பிக்க முடியுமென்றால், அதைத் தொழிற்கூடத்தில் ஏன் கற்பிக்க வேண்டும், வேலை நடக்கும் இடத்திலேயே கற்பிக்கலாமே என்ற அடுத்த கேள்வி வர்ஜினியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் எழுந்தது. அங்கே பால் வேமன் என்பவரும் அவருடைய சகாக்களும் 1970-களின் இறுதியிலிருந்து ஒரு நூதன முறையைக் கையாண்டார்கள். ஓட்டலிலோ, விடுதியிலோ, பல்கலைக்கழகத்துச் சமையற்கட்டிலோ ஒரு மெய்யான உத்தியோகத்தை முதலில் தேடிப்பிடிப்பது. சம்பளத்தோடு அந்த வாலிபனை முதல் நாளே அதில் அமர்த்துவது. ‘ஜாப் கோச்’ என்று வழங்கப்படும் பணிப்பயிற்றுநர் ஒருவர் அவனோடு கூடவே போய்ப் பக்கத்தில் நின்று கற்பிப்பது. முதல் வாரங்களில் அவனால் முடிக்க இயலாத பகுதியைப் பயிற்றுநரே செய்து, முதலாளிக்கு நஷ்டம் வராமற் காப்பது. அவன் பழகப் பழகப் பயிற்றுநர் மெல்ல மெல்ல விலகி, பிறகு அவ்வப்போது வந்து விசாரித்துப் போவது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருந்த வரிசை இவ்வாறு புரண்டது. பயிற்சி முடிந்த பின்னரே வேலை என்ற நிலை மாறி, வேலைக்கு உள்ளேயே பயிற்சி என்று ஆயிற்று.

அரசாங்கமும் இதைக் கவனித்தது. வாஷிங்டனில் விசேஷக் கல்வித் துறைக்குத் தலைமை தாங்கியவரும், மனவளர்ச்சி குன்றிய மகனின் தாயுமான மாடலின் வில், 1984-இல், பள்ளியிலிருந்து தொழில் வாழ்க்கைக்கு மாறும் காலத்தைத் தேசிய நோக்கமாகவே அறிவித்தார். சிலருக்கு உதவியே வேண்டாம், சிலருக்குக் குறிப்பிட்ட காலம்வரை உதவி போதும், சிலருக்கோ வேலையில் இருக்கும் காலம் முழுவதும் உதவி தொடர வேண்டும் என்று அவர் மூன்று பாதைகளை வகுத்தார். மூன்றாவது பாதையை வெட்கமின்றி ஒப்புக்கொண்டதே அதன் புதுமை. தொடர்ந்து உதவி வேண்டியிருப்பது, உழைக்கத் தகுதியில்லாததற்கு அடையாளமன்று என்பது அதனால் நிலைபெற்றது. மறு ஆண்டே ஆரிகனைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹால்பெர்ன் ஒரு திருத்தம் சொன்னார். உத்தியோகம் ஒன்றையே குறிக்கோளாக்கினால் மனிதன் பாதிதான் வாழ்வான். இருக்க நல்ல வீடும், பழக நண்பர்களும் உறவுகளும் சேர்ந்த சமூக வாழ்வே முழுக் குறிக்கோள், உத்தியோகம் அதற்கு ஒரு தூண் என்றார். 1986-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் துணையோடு கூடிய வேலைவாய்ப்புக்கு நிதி ஒதுக்கியது. 1990-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஊனமுற்ற மாணவன் பள்ளியில் இருக்கும்போதே, அவனுடைய பிற்கால வாழ்வுக்குத் திட்டம் எழுதியாக வேண்டும் என்று விதித்தது.

இந்தத் தத்துவம் எவ்வளவு இயல்பாகக் காரியத்தில் பலிக்கும் என்பதற்குச் சின்சினாட்டி நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரி உதாரணம். அங்கே அவசர சிகிச்சைப் பகுதியை நிர்வகித்த எரின் ரீல் என்ற நர்ஸுக்கு ஒரு நித்தியத் தலைவலி இருந்தது. சிகிச்சை அறைகளில் பஞ்சும் ஊசியும் குழாயும் குறையாமல் நிரப்பி வைக்கும் வேலைக்கு வருகிறவர்கள் சில மாதங்களிலேயே விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒழுங்கும் ஒரே மாதிரியான செயலும் வேண்டிய அந்த வேலையை, ஒழுங்கையே விரும்புகிற வாலிபர்கள் செய்ய மாட்டார்களா என்று யோசித்து, அவர் சூசி ருட்கோவ்ஸ்கி என்ற விசேஷக் கல்வி நிர்வாகியோடு சேர்ந்து 1996-இல் தொடங்கியதே ‘ப்ராஜெக்ட் சர்ச்’. பள்ளியின் கடைசி ஆண்டில் மாணவர்கள் வகுப்பறைக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்கே வருகிறார்கள்; அங்கேயே ஓர் அறையில் சிறிது நேரம் பாடம், பிறகு ஏதேனும் ஒரு பிரிவில் வேலை, மாலையில் அன்றைய அனுபவத்தைப் பற்றிய பேச்சு என்று நாள் கழிகிறது; ஆண்டுக்குள் மூன்று வெவ்வேறு பிரிவுகளில் பழகிவிடுகிறார்கள். இந்த ஏற்பாடு இன்று பல நாடுகளில், நூற்றுக்கணக்கான இடங்களில் நடைபெறுகிறது. இதன் அந்தரங்க பலம், முதலாளிக்கு ஓர் உண்மையான தேவை இருந்தது என்பதே. தானமாகக் கொடுத்த உத்தியோகம் கொடுத்தவரின் மனம் மாறும்போது போய்விடும். தேவையினால் பிறந்த உத்தியோகம் நிலைக்கும்.

எனினும் பழைய வழக்கங்கள் சட்டத்தின் நிழலில் நெடுங்காலம் ஜீவித்தன. அயோவா மாநிலத்தில் அட்டலிஸ்ஸா என்னும் சிற்றூரில், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் குடியமர்த்தப்பட்டு, வான்கோழி ஆலையில் பல ஆண்டுகள் வேலை செய்த 32 மனவளர்ச்சி குன்றிய மனிதர்களுக்கு, மாதம் 65 டாலரே கையில் கிடைத்துவந்தது; 2009-இல் அந்த விடுதி மூடப்பட்டு, 2013-இல் நடுவர் குழு அவர்களுக்கு 24 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது; சட்டத்தின் உச்சவரம்பினால் அத்தொகை மிகச் சிறியதாகச் சுருங்கிவிட்டது. அதே 2013-இல் ரோட் ஐலண்டில், ஓர் உயர்நிலைப்பள்ளிக்குள்ளேயே மாணவர்களுக்கு நகைகளைப் பிரித்தடுக்கும் வேலை கொடுத்து, அவர்களைத் தொழிற்கூடத்துக்கே பழக்கிவந்தது மத்திய நீதித்துறையின் விசாரணையில் வெளிப்பட்டது. ஊனமுற்றோரை அநாவசியமாகப் பிரித்து வைப்பது பாரபட்சமே என்று தலைமை நீதிமன்றம் 1999-இல் கூறிய தீர்ப்பு, ஸ்தாபனங்களோடு நிற்காமல் தொழிற்கூடங்களையும் எட்டியது. ஆரிகனில் 2012-இல் தொழிலாளர்களே தொடுத்த வழக்கு 2015-இல் சமரசமானபோது, தொழிற்கூடங்களில் இருந்த 1,115 பேருக்கு வெளியுலக உத்தியோகமும், 4,900 இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பு உதவியும் தருவதாக மாநிலம் ஒப்புக்கொண்டது. 2014-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், வெளி வேலைக்கு உரிய உதவியை முதலில் அளித்துப் பார்க்காமல் 24 வயதோ அதற்குக் குறைவோ உள்ள எவரையும் குறைகூலி வேலையில் சேர்க்கக் கூடாது என்று தடுத்தது. 1938-இன் விலக்கைப் பல மாநிலங்கள் ஒழித்துவிட்டன. மத்தியச் சட்டப் புத்தகத்தில் அது இன்னும் இருக்கிறது.

இந்த வெற்றியிலும் ஒரு குறை உண்டு என்பதை மறைப்பது நியாயமன்று. தொழிற்கூடம் மூடப்பட்டபோது சில பெற்றோர்கள் கண்ணீர் விட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அங்கே இருபது முப்பது ஆண்டு நட்பு இருந்தது. வெளி உத்தியோகம் கிடைத்தவர்களிற் பலருக்கு வாரத்தில் சில மணி நேரமே வேலை. மற்ற நேரம் வீட்டில் தனிமை. சம்பளப் பட்டியலில் பெயர் ஏறியும், மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாதவர்கள் உண்டு. இவற்றைக் காட்டிப் பழைய ஏற்பாட்டுக்கே திரும்ப வேண்டும் என்று வாதிப்பவர்கள், ஹால்பெர்னின் திருத்தத்தை மறந்தவர்கள். நட்பைக் காப்பாற்றக் கூலியைக் குறைக்க வேண்டும் என்பதும், ஊருக்குள் வேலை செய்ய ஊர்ச் சகவாசத்தை இழக்க வேண்டும் என்பதும் இயற்கையின் விதிகள் அல்ல. உதவிக்குச் செலவிட மனமில்லாதபோது நாம் உண்டாக்கிக்கொள்ளும் விதிகள். பணிப்பயிற்றுநரின் சம்பளத்தை முதல் ஆண்டோடு நிறுத்திவிட்டு, முறை தோற்றது என்று சொல்வது எளிது.

செகேன் காலத்திலிருந்து இன்றுவரை, இந்த மனிதர்களைப் பற்றி நிபுணர்கள் கூறிய முடிவுகளிற் பெரும்பாலானவை பொய்த்துப் போயின. கற்கமாட்டார்கள் என்றார்கள், கற்றார்கள். ஊரில் வாழமாட்டார்கள் என்றார்கள், வாழ்ந்தார்கள். ஆயத்தமாகவில்லை என்றார்கள், ஆயத்தமாகாமலே போய்ச் சேர்ந்து ஆயத்தமானார்கள். ஒவ்வொரு தடவையும் பொய்த்தது ஒரே ஓர் அனுமானந்தான்: ஒருவனுடைய திறமை அவன் உள்ளே முழுதாக அடங்கியிருக்கும் பண்டம், அதை வெளியிலிருந்து அளந்துவிடலாம் என்ற அனுமானம். திறமையோ, மனிதனுக்கும் அவனுக்குக் கிடைத்த வேலைக்கும் அவன் பக்கத்தில் நின்ற துணைக்கும் இடையே விளைவது. ஆகையால் பள்ளியை முடித்து நிற்கும் வாலிபனைப் பார்த்து, இவன் எந்த வேலைக்குத் தகுதியானவன் என்று கேட்பதைவிட, எந்த வேலையை, யார் துணையோடு, எத்தனை காலம் கொடுத்தால் இவன் செய்வான் என்று கேட்பதே சரித்திரம் கற்பிக்கும் கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவன் அந்த வாலிபன் அல்லன். அவனுக்கு வேலை கொடுக்கக் கூடிய முதலாளியும், துணையை அனுப்பக் கூடிய அரசாங்கமும், அவனோடு வேலை செய்யப் போகிற நாமுமே.